மாமாக் கடையில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

 

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். போன வாரம் நீங்கள் கோயிலில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்? மாமாக் கடையில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்? பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம். என் பதிலும் அதேதான். வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் கோயில். மற்ற நாள் எல்லாம் தே தாரேக், ரொட்டி சானாய், பெரிய திரையில் பந்து விளையாட்டு.

வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் நம்மைத் திட்டுவார்கள். நானும் திட்டப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். என் வாழ்க்கை திரும்பியதே ஒரு மாமாக் கடை மேசையில்தான். அது நடந்து ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, நம் பெரியபுராணத்திலும் இதே மாதிரி ஓர் இடத்தில் ஒரு சந்திப்பு நடந்திருக்கிறது என்று. இரண்டையும் சொல்கிறேன். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. முந்தைய செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தது. சர்க்கியூட் பாடத்திலும் கணிதத்திலும் ஃபெயில். ஜி.பி.ஏ. 2.00-க்குக் கீழே இறங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா போன் செய்வார். “ரிசல்ட் வந்துருச்சாப்பா?” “இன்னும் வரலம்மா.” இந்தப் பொய்யை ஒன்பது நாள் சொன்னேன். படிப்பை நிறுத்திவிட்டு, யாருக்கும் சொல்லாமல் சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விடலாம் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பத்தாவது நாள் இரவு. பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள கடையில் உட்கார்ந்திருந்தேன். பெரிய ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் ஒரு மேசை காலியில்லை. வேலை உடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து நின்றார்.

“தம்பி, இங்க யாரும் இருக்காங்களா?”

“இல்ல அங்கிள், உக்காருங்க.”

அவர் தே ஓ கோசோங் சொன்னார். சீனி வியாதியாம், சர்க்கரை கூடாதாம். என் முன்னால் பழைய சர்க்கியூட் நோட்ஸ் திறந்தபடி கிடந்தது. படிப்பதற்காகத் திறக்கவில்லை, சும்மா திறந்து வைத்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எலக்ட்ரிக்கலா? நான் சார்ஜ்மேன்” என்றார். தொழிற்சாலைகளில் மின்சாரப் பொறுப்பைப் பார்க்க லைசன்ஸ் உள்ளவர். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “என்னாப்பா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?”

ஒன்பது நாளாக அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத மனுசனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் புத்தி சொல்லவில்லை. “நான் சார்ஜ்மேன் பரீட்சையில மூணு தடவ ஃபெயிலு” என்றார். பிறகு பில் சீட்டைத் திருப்பிப்போட்டு, என் பேனாவை வாங்கி ஒரு படம் போட்டார். மோட்டார் ஸ்டார்ட்டர். பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ஒரு பெரிய மோட்டாரை ஓடவிட நாம் ஒரு சின்ன ஸ்டார்ட் பட்டனைத்தான் அழுத்துகிறோம். அழுத்தியதும் ஒரு காயிலுக்குக் கரண்ட் போய், அது பெரிய சுவிட்சை இழுத்து மூடுகிறது. மோட்டார் ஓடுகிறது. ஆனால் விரலை எடுத்ததும் பட்டன் பழையபடி திறந்துகொள்ளும். அப்புறமும் மோட்டார் எப்படி ஓடுகிறது? அந்தப் பெரிய சுவிட்ச் மூடும்போதே, அதோடு சேர்ந்த ஒரு சின்ன காண்டாக்ட்டும் மூடிக்கொள்கிறது. காயிலுக்கு வேண்டிய கரண்ட் அதன் வழியாகத் தொடர்ந்து வருகிறது. அதாவது அது தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது.

“பட்டன அமுக்குறது ஒரு செகண்ட் வேலைப்பா. புடிச்சுக்கிறது அதுவா புடிச்சுக்கணும். கரண்ட் கட்டாயி திரும்ப வந்தா, அதுவா ஓடாது. மறுபடி யாராச்சும் அமுக்கணும். அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல.”

கடைசியாக ஒன்று கேட்டார். “வீட்டுல சொல்லிட்டியா?” இல்லை என்றேன். “மொத அத செய்” என்றார். எழுந்து போனார். நான் கிளம்பும்போது கவுண்டரில் கேட்டால் என் பில்லையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார். பெயர் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அம்மா ஷிப்ட் முடிந்து வந்த நேரத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார். இரண்டு பாடத்தையும் திரும்ப எடுத்தேன். பாஸ் ஆனேன். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கு இதை ஒரு மாணவனாக எழுதிக்கொண்டிருக்கிறேன் இல்லையா, அது போதும்.

இனிப் பெரியபுராணத்துக்கு வருவோம்.

திங்களூர் என்று ஓர் ஊர், தமிழ்நாட்டில் திருவையாற்றுக்குப் பக்கம். நவக்கிரகக் கோயில் யாத்திரை போனவர்களுக்குச் சந்திரன் தலமாகத் தெரிந்திருக்கும். அங்கே அப்பூதியடிகள் என்று ஒருவர் இருந்தார். திருநாவுக்கரசரின் பெருமையைக் காதால் கேட்டவர். நேரில் பார்த்ததில்லை. கேட்டதை வைத்தே அவர் மேல் அப்படி ஓர் அன்பு. மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். ஊருக்காகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். குளம் வெட்டினார், சோலை அமைத்தார். எல்லாவற்றுக்கும் அதே பெயர்.

ஒருநாள் திருநாவுக்கரசரே அந்த வழியாக வருகிறார். வெயில் நேரத்தில் நடந்து வருகிறவருக்குப் பந்தல் தெரிகிறது. பந்தலில் தன் பெயர்! பந்தல் வைத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு அப்பூதியடிகள் வீட்டுக்கே போகிறார். “உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை ஏன் எழுதினீர்கள்?” என்று கேட்கிறார். வந்திருப்பவர் யாரென்று தெரியாத அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. திருநாவுக்கரசரின் பெருமை தெரியாமல் பேசுகிற நீர் யார் என்கிறார்.

அதற்கு அவர் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும். நான்தான் அந்தப் பெரியவர் என்று அவர் சொல்லவில்லை. வேறு நெறியில் போய், சூலை நோய் வந்து, அதனால் இறைவன் ஆட்கொண்ட எளியவன் நான் என்கிறார். தன் வீழ்ச்சியைச் சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சார்ஜ்மேன் ஞாபகம்தான் வந்தது. “மூணு தடவ ஃபெயிலு.”

பிறகு விருந்து. வாழை இலை அறுக்க மூத்த மகன் போகிறான். பாம்பு கடிக்கிறது. ஓடி வந்து இலையைக் கொடுத்துவிட்டு விழுந்து இறக்கிறான். அடியவர் சாப்பிடாமல் போய்விடக் கூடாதே என்று பெற்றோர் அந்தத் துயரத்தை மறைத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் திருநீறு கொடுத்த திருநாவுக்கரசர், மூத்த மகனையும் கூப்பிடுங்கள் என்கிறார். அப்பூதியடிகளால் மறைக்க முடியவில்லை. உண்மை தெரிந்ததும் அவர் சிவனை நினைந்து பதிகம் பாட, பிள்ளை தூங்கி எழுந்தவன் போல எழுகிறான். சேக்கிழார் சொல்கிற கதை இது.

இந்தக் கதையைச் சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்டபோது, பாம்பும் பதிகமும் மட்டும்தான் என் மனசில் நின்றது. இப்போது படித்தால் வேறு மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, பந்தல்தான் முதலில் வந்தது. சந்திப்பு அப்புறம்தான் வந்தது. திருநாவுக்கரசர் வருவார் என்று தெரிந்து அப்பூதியடிகள் பந்தல் போடவில்லை. தாகத்தோடு யார் வந்தாலும் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று போட்டார். அந்தப் பந்தலில் யார் யாரோ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒருநாள் அவரும் வந்தார். வாழ்க்கையை மாற்றும் சந்திப்பு எனக்கும் நடக்காதா என்று ஏங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சந்திப்பை நாம் ஏற்பாடு செய்ய முடியாது. பந்தலை ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவது, தண்ணீர் குடித்துவிட்டுப் போகாமல் ஒருவர் நின்று விசாரித்தார். நம் மேசைகளில் இதுதான் குறைவு. நாலு பேர் உட்கார்ந்திருப்போம், நாலு பேர் கண்ணும் போனில் இருக்கும். பக்கத்து மேசையில் யார் என்று கேட்டால் தெரியாது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அனிச்சப்பூ மோந்து பார்த்தால்தான் வாடும், விருந்தாளியோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார் என்கிறார். முகம் மாறிப் பார்ப்பது இருக்கட்டும், நாம் முகத்தையே பார்ப்பதில்லையே!

மூன்றாவதுதான் என்னைக் குத்தியது. எல்லோரும் இருக்கும்போது, யார் குறைகிறார் என்று திருநாவுக்கரசர் பார்த்தார். மூத்தவன் எங்கே என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி வராமல் இருந்திருந்தால்?

இப்போது அந்த வெட்கப்படுகிற விஷயத்தைச் சொல்கிறேன்.

நான் பாஸ் ஆன அடுத்த செமஸ்டர். எங்கள் ஹாஸ்டல் புளோக்கில் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன். வடக்கே ஒரு தோட்டத்திலிருந்து வந்தவன். அதே கடையில், மூலை மேசையில் ஒரு மைலோ ஐஸ் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். ஒருநாள் பேசணும் என்று நினைப்பேன். அன்றைக்கு அசைன்மெண்ட் இருக்கும், இல்லையென்றால் ஆட்டம் இருக்கும். தீபாவளி விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. படிப்பை விட்டுவிட்டான். வட்டிக்குக் கடன் வாங்கிச் சிக்கிக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கடன்காரன் அவனுக்கு எங்கே அறிமுகம் ஆனான் தெரியுமா? அதே கடையில். அதே மூலை மேசையில்.

நான் உட்காராத நாற்காலியில் வேறு ஒருத்தன் உட்கார்ந்துவிட்டான்.

பந்தலில் தண்ணீர் குடித்துப் பிழைத்தவன் நான். எனக்கே இது புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்? என் ஸ்டார்ட் பட்டனை ஒருவர் அமுக்கிவிட்டுப் போனார். நான் என் பரீட்சைக்கு மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாரே, அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பியின் பெயர்கூட அவன் போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

நண்பர்களே, காப்பிக்கடைச் சந்திப்பு வாழ்க்கையை மாற்றும் என்று சொல்லும்போது நாம் நல்லதை மட்டுமே நினைக்கிறோம். கெட்டதும் அங்கேதான் வருகிறது. வட்டிக்காரன் அங்கே வருகிறான். கும்பலுக்கு ஆள் சேர்க்கிறவன், “தம்பி, சாப்பிடு, அண்ணன் பாத்துக்கிறேன்” என்று அங்கேதான் தொடங்குகிறான். ஒரே மாதத்தில் பணக்காரன் ஆகலாம் என்கிறவனும் தே தாரேக் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறான். தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையை நாம் கவனிப்பதில்லை. அவர்கள் கவனிக்கிறார்கள்.

அப்படியானால் எது நல்ல சந்திப்பு, எது கெட்ட சந்திப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் அனுபவத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. சார்ஜ்மேன் அங்கிள் என்னிடம், “வீட்டுல சொல்லிட்டியா?” என்று கேட்டார். கெடுக்க வருகிறவன், “வீட்டுல சொல்லாத” என்பான். நல்லவர் உங்களை உங்கள் அப்பா அம்மாவிடம், படிப்பிடம், கோயிலிடம் திருப்பி அனுப்புவார். மற்றவன் ஒவ்வொன்றிலிருந்தும் பிரித்துத் தன் பக்கம் இழுப்பான். நல்லவர் தன் வேலை முடிந்ததும் எழுந்து போய்விடுவார். மற்றவன் உங்கள் ஐ.சி. நம்பரைக் கேட்பான். தங்கைகளுக்கும் இதையே சொல்கிறேன். நண்பர்களோடு உட்காருங்கள், தெரியாதவர் தனியாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். அன்பும் வேண்டும், விவேகமும் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

நாங்கள் நாலு பேர் போன செமஸ்டரிலிருந்து ஒன்று செய்து வருகிறோம். புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கடையில் ஒரு மேசை. நாங்கள் நாலு பேர், கூட இரண்டு காலி நாற்காலி. போனைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். தனியாக யாராவது இருந்தால், “வாங்க, இங்க உக்காருங்க” என்று கூப்பிடுவோம். பெயர் கேட்போம், சாப்பிட்டாயா என்று கேட்போம். எடுத்ததுமே சமயம் பேச மாட்டோம். தாகத்தோடு வந்தவனுக்கு முதலில் தண்ணீர்தானே கொடுக்க வேண்டும்? கணக்குப் புரியாதவனுக்குக் கணக்குத் தெரிந்தவன் சொல்லிக் கொடுப்பான். எங்களால் தாங்க முடியாத பிரச்சினை என்றால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் கூடவே போவோம். போன வாரம் வந்தவன் இந்த வாரம் வரவில்லையென்றால் ஒரு மெசேஜ் போடுவோம். “தம்பி, எங்க காணோம்?”

இதில் பெரிய அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. சில புதன்கிழமை யாருமே வருவதில்லை. நாங்களே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவோம். இரண்டு பேர் கணிதம் பாஸ் ஆனார்கள். ஒரு தம்பி இரவு பன்னிரண்டு மணிவரை பேசிவிட்டு, “அண்ணே, நாளைக்கு அப்பாவுக்குப் போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். கடைக்காரர் தமிழ் முஸ்லிம் அண்ணன். எங்களுக்காகப் புதன்கிழமை அந்த மேசையில் வேறு யாரையும் உட்கார வைப்பதில்லை. நாங்கள் கேட்காமல் அவராகவே செய்கிறார். பந்தலுக்குக் கால் நட்டுக் கொடுத்தவர் அவர்.

தைப்பூசம் வந்தால் நம் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பத்துமலையிலும் பினாங்கிலும் ரத ஊர்வலம் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ராத்திரி முழுக்கக் கண் விழித்து மோர் கரைப்போம், சாதம் கட்டுவோம். யார் எவர் என்று கேட்காமல் கொடுப்போம். சீனரும் வருவார், மலாய்க்காரரும் வருவார், கொடுப்போம். அப்பூதியடிகள் செய்த தொண்டு நம் நாட்டில் இன்னும் நடக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் தைப்பூசம் முடிந்ததும் பந்தலைப் பிரித்து ஸ்டோரில் வைத்துவிடுகிறோம். தாகம் அடுத்த தைப்பூசம் வரைக்கும் காத்திருக்குமா?

அதனால் இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகிற கடைக்கே போங்கள், வழக்கமாகக் குடிக்கிறதையே குடியுங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உங்களோடு எப்போதும் வருகிறவர்களில் யார் இன்றைக்கு இல்லை? மூலை மேசையில் யார் இருக்கிறார்? எழுந்து போய் ஒரு வார்த்தை கேளுங்கள். “மூத்தவன் எங்கே?” என்று நம் திருநாவுக்கரசர் கேட்ட கேள்விதான் அது.

அந்தச் சார்ஜ்மேன் அங்கிள் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. அவர் பில் சீட்டில் போட்ட படம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மை மங்கிவிட்டது. புதன்கிழமை மேசைக்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று நண்பர்கள் கேட்டார்கள். அப்பூதியடிகள் மாதிரி அவர் பெயரையே வைக்க எனக்கு ஆசைதான். பெயர் தெரியாதே! அதனால் சும்மா “பந்தல்” என்று சொல்லிக்கொள்கிறோம்.

எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் நம் எல்லோர்க்கும் துணை நிற்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.